மகேந்திரன் அங்கிளின் மைக்

செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரருக்கும் ஐஸ் மேல் சறுக்கி ஆடும் ஜப்பான்காரிக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டிருந்தால், ரவீந்திரன் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். யாரும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு நெருங்கிப் பழகும் ஆட்கள் அவருக்கு இல்லை என்பதுதான் உண்மை. வயது ஐம்பத்து மூன்று. மனைவி தாயம்மா இறந்து பத்து வருஷம். புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்தை இடித்துவிட்டுக் கட்டிக்கொடுத்த தரை வீட்டில் தனியாக இருக்கிறார். தோட்டத்தில் குலை ஏற்ற வேண்டியது, எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டியது, எடை போட வரிசையில் நிற்க வேண்டியது, இதுதான் பிழைப்பு. காய்ப்பு கூடிய மாதங்களில் அந்த வரிசை மூன்று மணி நேரம் ஆனாலும் அசையாது. மற்ற ஓட்டுநர்கள் மர நிழலில் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள், எடை எழுதும் ஆலைக் கிராணியின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். ரவீந்திரன் ஸ்டியரிங்கில் கைபேசியைச் சாய்த்து வைத்து ஐஸ் ஆட்டம் பார்ப்பார்.

இந்தக் கிறுக்கு முதலில் பிடித்தது அவருடைய மகள் அன்பரசிக்கு. சின்ன வயதில் காலுறையை மாட்டிக்கொண்டு சிவப்புச் சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து அடுப்படிவரை சறுக்குவாள். தொலைக்காட்சியில் ஐஸ் ஆட்டம் வந்துவிட்டால் தட்டில் சோறு காயும். "இதெல்லாம் நமக்கு ஆகுற வெளையாட்டா?" என்று கேட்ட ரவீந்திரன், நமக்கு ஆகிற விளையாட்டு எது என்று அவரே முடிவுசெய்து கராத்தேயில் சேர்த்துவிட்டார். அவளும் சளைத்தவள் இல்லை. காத்தா என்று ஒரு பிரிவு உண்டு. எதிராளி கிடையாது, நடுவர்களுக்கு முன்னால் தனியாக நின்று அடிகளையும் தடுப்புகளையும் வரிசை பிசகாமல் செய்துகாட்ட வேண்டும். அதில் பத்தொன்பது வயதில் தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை போனாள்.

அந்த மகள் இப்போது பினாங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அப்பாவோடு பேசி நாலரை வருஷம் ஆகிறது. அவருடைய எண்ணை பிளாக் செய்துவைத்திருக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சோமுதான் அந்தச் சேதியைக் கொண்டுவந்தான். வரிசையில் பெரும்பாலும் இவருக்குப் பின்னால் நிற்கும் லோரிக்காரன். "ரவிண்ணே, ஒங்க மக டெலிகிராம்ல ஏதோ ஐஸ் குரூப் நடத்துதாம். எம் பொண்ணு சொல்லுச்சு. யார் வேணும்னாலும் சேரலாமாம்." சொல்லிவிட்டு அவன் மறந்துபோனான். ரவீந்திரன் மறக்கவில்லை. அடுத்த வாரமே சுங்கை பெசாரில் ஒரு கடையில் புது சிம் வாங்கினார். டெலிகிராம் பெயர் கேட்டபோது என்ன போடுவதென்று தெரியாமல் விழித்தார். அவர் ஓட்டும் லோரியின் கதவில் பழைய ஓட்டுநரின் பெயர் சின்ன எழுத்தில் இன்னும் ஒட்டியிருந்தது. மகேந்திரன். அதையே போட்டுக்கொண்டார். படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ.

'ஐஸ் கிறுக்கர்கள்' என்ற அந்தக் குழுவில் நாற்பது பேர் இருந்தார்கள். பேசுகிறவர்கள் நாலு பேர்தான். ஒன்று அன்பரசி. இன்னொன்று, சுங்கை பெசாரில் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஆட்டம் பார்க்கும் அஃபிஃபா. மூன்றாவது, கிள்ளானில் கல்லூரியில் படிக்கும் ஷர்வின். எந்த ஆட்டக்காரி எந்த வருஷம் எத்தனை புள்ளி எடுத்தாள் என்பதெல்லாம் அவனுக்கு விரல்நுனியில். நாலாவது, மகேந்திரன் அங்கிள்.

ரவீந்திரன் அங்கே போனது ஆட்டத்துக்காக அல்ல. அன்பரசி எதையும் தட்டச்சு செய்யமாட்டாள்; வாய்ஸ் நோட்தான் போடுவாள். அந்தக் குரலுக்காகப் போனார். முதல் நாள் அதைக் கேட்டபோது லோரியின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏழு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார். அவள் சொன்னது ஏதோ ஒரு குதிப்பைப் பற்றி. ஒன்றும் புரியவில்லை. சளி பிடித்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

அவரால் வாய்ஸ் நோட் போட முடியாது. வாயைத் திறந்தால் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். அதனால் போனில் மைக் ரிப்பேர் என்று சொல்லிவைத்தார். அதுவே குழுவில் ஒரு கேலியாகிவிட்டது. "அங்கிள், எலெக்‌ஷனே ரெண்டு வாட்டி வந்துரும் போல, ஒங்க மைக் மட்டும் ரெடியாகாது" என்பாள் அஃபிஃபா. அன்பரசி அதற்குச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் வாய்ஸ் நோட்டில்தான் வரும்.

போகப் போக அவருக்கு ஆட்டமும் பிடித்துப்போனது. குறிப்பாக மிசாகி. இரண்டு முறை உலக சாம்பியன், இருபத்திரண்டு வயது, ஐஸில் இறங்குவதற்கு முன்னால் இரண்டு கையாலும் தன் கன்னத்தை மெல்லத் தட்டிக்கொள்வாள். ஒருநாள் ஷர்வின், பயிற்சியில் நூறு தடவை சரியாகக் குதிப்பவள் போட்டியில் மட்டும் ஏன் விழுகிறாள் என்று கேட்டான். ரவீந்திரன் யோசித்து யோசித்து ஒற்றை விரலால் தட்டி அனுப்பினார். "தம்பி, நான் இருவது வருஷமா லோரி ஓட்டுறேன். கியர் எங்க இருக்குன்னு யோசிச்சதே இல்ல. மேனேஜர் பக்கத்துல ஏறி ஒக்காந்தா மட்டும் கியர் காணாமப் போயிரும்." அன்பரசி அதைக் குழுவின் உச்சியில் ஒட்டிவைத்தாள். "அங்கிள் சொன்னதுதான் கரெக்ட்டு லா. ஒடம்புக்குத் தெரியும். நடுவுல மனசு வந்து, ஒனக்கு நெஜமாவே தெரியுமான்னு கேக்கும். அவ்ளோதான், முடிஞ்சுது" என்று குரலில் சொன்னாள். பெற்ற மகளிடம் வாழ்நாளில் முதல்முறையாகப் பாராட்டு வாங்கிய அன்று ரவீந்திரன் எடைமேடையில் சீட்டை வாங்க மறந்து வண்டியை எடுத்துவிட்டார்.

போன தீபாவளிக்கு விடுமுறை கிடைக்காமல் அறையில் தனியாக இருப்பதாக அவள் அங்கிளுக்குத் தனியாக எழுதினாள். முறுக்கு சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். மாவுக்கு எவ்வளவு உளுந்து, எண்ணெயை எவ்வளவு காயவிட வேண்டும், எப்போது திருப்ப வேண்டும் என்று அவர் ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தார். அங்கே அவள் தனியாக, இங்கே இவர் தனியாக. அன்று அவர் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை.

இந்தப் பிழைப்பு எத்தனை நாள் ஓடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. சொன்னால் குரல் போய்விடும். சொல்லாவிட்டால் சாகும்வரை அங்கிள்தான். இரண்டில் எது மேல் என்று அவரால் முடிவுசெய்ய முடியவில்லை. எனவே ஒன்றும் செய்யாமல் இருந்தார். ஒன்றும் செய்யாமல் இருப்பதில் அவர் பழைய கைகாரர்.

அன்று சனிக்கிழமை. ஜப்பானில் உலகப் போட்டியின் கடைசி ஆட்டம். இங்கே மாலை ஆறு மணி. ஆலை வரிசையில் அவருக்கு முன்னால் பதினோரு லோரிகள் நின்றன. ஆலைக் கொதிகலனின் புளித்த வாசனை, பின்னால் பன்னிரண்டு டன் குலை, கையில் போன். மிசாகி கன்னத்தைத் தட்டிக்கொண்டு இறங்கினாள். முதல் குதிப்பு சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதற்கு வேகமெடுத்து வந்தவள் குதிக்கவில்லை. அப்படியே சறுக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றுவிட்டாள். விழவில்லை, அடிபடவில்லை. சும்மா நின்றாள். இசை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கைகள் இரண்டும் தொங்கின. பிறகு நடுவர்களைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனாள்.

இந்தக் காட்சியை ரவீந்திரன் முன்பே பார்த்திருக்கிறார். ஈப்போவில், நீல நிறப் பாய்மேல், வெள்ளைச் சீருடையில்.

திரையில் மிசாகி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வயதான பயிற்சியாளர் அவள் முன்னால் தரையில் மண்டியிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், காலணியின் கயிற்றை ஒவ்வொரு கண்ணியாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

குழு கொதித்தது. "டெக்னிக்கலா அவதான் பெஸ்ட்டு. ப்ராப்ளம் மென்டல்தான். மனசு திடமா இருந்தா நின்னுருக்க மாட்டா" என்று ஷர்வின் எழுதினான்.

"வாய மூடு ஷர்வின். நீ பாத்ரூம்ல கூட வழுக்கி விழுறவன்" என்றாள் அஃபிஃபா. "கோச்ச பாத்தீங்களா? ஒரு வார்த்த பேசல. லேஸ மட்டும் அவுத்துவுட்டாரு. எனக்கு அழுகையா வந்துருச்சு."

ஷர்வின் விடவில்லை. சாம்பியன் என்றால் மனதையும் பழக்க வேண்டும், அதற்கென்று டாக்டர்கள் இருக்கிறார்கள், மற்ற நாட்டு ஆட்டக்காரிகள் எல்லாரும் போகிறார்கள் என்று அடுக்கினான். டாக்டரிடம் போனால் மட்டும் பயம் போய்விடுமா, பயந்துகொண்டே ஆடத்தான் கற்றுத் தருவார்கள் என்று அஃபிஃபா பதில் போட்டாள். ஷர்வின் முதலில் எழுதிய வாக்கியத்திலேயே ரவீந்திரனின் கண் நின்றுவிட்டது. மனசு திடமா இருந்தா நின்னுருக்க மாட்டா. இதே வாக்கியத்தை, ஒரு சொல் மாறாமல், அவர் சொல்லியிருக்கிறார்.

ஏழு மணிக்கு அன்பரசியின் வாய்ஸ் நோட் வந்தது. நாலு நிமிஷம். அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. ரவீந்திரன் கண்ணாடியை ஏற்றினார்.

"ஷர்வின், ஒன்மேல கோவம் இல்ல. ஒங்க யாருக்கும் சொன்னதில்ல, நான் காத்தா ஆடுனவ. நேஷனல் ஃபைனல்ல இப்பிடித்தான் நின்னுட்டேன். மூணாவது திருப்பத்துல. அடுத்து என்னன்னு தெரியாம இல்ல. தெரியும். ஆனா கை வரல. வணக்கம் சொல்லிட்டு எறங்கிட்டேன். அப்பா வந்திருந்தாரு. ஈப்போலருந்து வீட்டுக்கு மூணு மணி நேரம். கார்ல ஒரு வார்த்த பேசல. திட்டுனா கூட தேவலனு இருந்துச்சு. சுங்கை பெசார் வந்ததும் கார நிறுத்துனாரு. எறங்கி ரெண்டு பாக்கெட் கரும்பு ஜூஸ் வாங்குறத கண்ணாடி வழியா பாத்தேன். எனக்கு ஒன்னு குடுப்பாரு, குடுத்துட்டு ஏதாச்சும் சொல்லுவாருன்னு நெனச்சேன். கடைக்குப் பின்னால போனாரு. ரொம்ப நேரம் கழிச்சு வெறுங்கையோட வந்தாரு. ரெண்டையும் அவரே குடிச்சிட்டாரு. அன்னைக்குத் தெரிஞ்சுது, ஜெயிச்சாத்தான் நான் அவருக்கு மக. பெறகு நான் பினாங்கு வந்தப்ப ஒரு நாள் போன் பண்ணாரு. அப்பதான் வாயத் தொறந்தாரு. ஷர்வின் இப்ப எழுதுனியே, அதையேதான் சொன்னாரு. அதோட சரி."

குரல் கடைசிவரை உடையவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. தேம்பியிருந்தாலாவது இன்னும் ஆறவில்லை என்று இருந்திருக்கும். இது என்றோ ஆறி, தழும்பாகி, விரல் வைத்துக் காட்டும் நிலைக்கு வந்துவிட்ட பேச்சு.

ஷர்வின் மன்னிப்புக் கேட்டான். அஃபிஃபா அழுகிற முகங்களாக அனுப்பினாள். பிறகு எழுதினாள். "ரெண்டு பாக்கெட்டையும் அவரே குடிச்சாராக்கா? என்னா மனுஷன் அவரு?"

"கல்லு லா. சில அப்பாங்க கல்லுதான்" என்றான் ஷர்வின்.

கல் என்றால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்த மூன்று மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் அவருக்குக் கோபம்தான், பொய் சொல்வானேன். மகள் ஜெயித்துவிடுவாள் என்று ஆலை முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது மணி நேரம் கோபம் போய் வெட்கம் வந்தது. மகளைப் பற்றி அல்ல, தன்னைப் பற்றி. மூன்றாவது மணி நேரம் பேச வேண்டும் என்றுதான் துடித்தார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயம். தாயம்மா செத்த அன்று அவர் தரையில் புரண்டு அழ, பதினாலு வயது அன்பரசிதான் வந்தவர்களுக்குத் தேநீர் கலந்து கொடுத்தாள். இனி இவள் முன்னால் அழக்கூடாது என்று அன்று எடுத்த முடிவு. கரும்புச்சாற்றை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த வாய்க்கால் பாலத்தில் நின்று, என்ன சொல்லிக் கொடுப்பது என்று ஒத்திகை பார்த்தார். பரவால்ல பாப்பா. இவ்வளவுதான் வாக்கியம். அதைச் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையிலிருந்த ஐஸ் கரைந்து கையெல்லாம் நனைந்தது. கடைசியில் இரண்டு பாக்கெட்டையும் பாலத்துக் கம்பியில் மாட்டிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஈப்போவில் அவளுக்குக் கை வரவில்லை. சுங்கை பெசாரில் அவருக்கு வாய் வரவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்பது அவருக்கு இந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது.

இப்போது அவர் விரல் தானாகவே ஓடியது. எழுதியதை இன்னொரு முறை படித்துப் பார்த்திருந்தால் அனுப்பியிருக்கமாட்டார். படிக்கவில்லை.

"அவர் குடிக்கலம்மா. வாய்க்கா பாலத்துல நின்னு அழுதாரு. ரெண்டு பாக்கெட்டையும் கம்பியில மாட்டிட்டு வந்துட்டாரு."

போய்விட்டது. பக்கத்தில் குறி விழுந்தது. அதற்குப் பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. அழிப்பதற்குள் அஃபிஃபா பதில் போட்டுவிட்டாள். "அங்கிள், நீங்க சொல்றது கத மாதிரியே இருக்கு. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பின்னால் சோமு ஹாரன் அடித்தான். வரிசை நகர்ந்திருந்தது. ரவீந்திரன் நகரவில்லை. இந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் சாவியை விட்டு இறங்கிப் போனால், போகிறவனுக்கு முக்கியமான காரியம் இருக்கிறது என்று அர்த்தம். பின்னால் நிற்பவன் கேள்வி கேட்காமல் அவன் லோரியையும் முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும். ரவீந்திரன் சாவியை விட்டுவிட்டுப் போனோடு இறங்கி, செம்பனை மரங்களுக்குள் நடந்தார்.

தனிச் செய்தி வந்தது. குரலில் அல்ல. முதல்முறையாக அவள் தட்டச்சு செய்திருந்தாள்.

"நான் பாலத்தப் பத்தி சொல்லவே இல்லயே."

அவர் நின்றார்.

"அப்பாவா?"

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. சும்மா அடித்துவிட்டேன் என்று சொல்லலாம். அவள் நம்பினாலும் நம்புவாள். ரவீந்திரன் ஒரு மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு எழுதினார். "ஆமா பாப்பா."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்."

எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டும் புள்ளிகள் வந்தன. நின்றன. மறுபடி வந்தன.

"தீபாவளிக்கு நீங்க சொன்ன மாதிரி முறுக்கு சுட்டேன். அம்மா செய்ற மாதிரியே இருந்துச்சு. அப்பவே யோசிச்சிருக்கணும்."

அவர் பதில் எழுதத் தொடங்குவதற்குள் அடுத்தது வந்தது.

"எனக்குன்னு அங்க ஒருத்தரு இருந்தாரு. எதச் சொன்னாலும் கேட்டுக்குவாரு. அவரயும் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

மன்னித்துவிடு என்று எழுதினார். அவள் படித்துவிட்டாள் என்று குறி காட்டியது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்தபோது சோமு இரண்டு லோரியையும் மாற்றி மாற்றி நகர்த்திக் களைத்துப்போய் நின்றான்.

"என்னாண்ணே, யாருக்கும் ஒடம்பு சரியில்லயா?"

"ஒன்னும் இல்லடா."

ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே போகவில்லை. போனை மேசைமேல் வைத்து அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். குழுவிலிருந்து நீக்கிவிடுவாள் என்று எதிர்பார்த்தார், நீக்கவில்லை. குழுவுக்கு அவளும் வரவில்லை. திங்கட்கிழமை அஃபிஃபா, "அக்கா எங்க? அங்கிள், ஒங்களுக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று எழுதினார். அது உண்மைதான். நாலரை வருஷமாக அவருக்கு மகள் இல்லை. ஆனால் குரல் இருந்தது. இப்போது வீட்டில் அதுவும் இல்லை. பழைய வாய்ஸ் நோட்டுகள் எல்லாம் போனில் அப்படியேதான் இருந்தன. அவற்றைத் தொட அவருக்குக் கை வரவில்லை. அவை மகேந்திரனுக்குச் சொன்னவை. தன்னுடையது இல்லாத கடிதத்தைப் பிரித்துப் படித்தவனின் கூச்சம் இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை தானே குழுவை விட்டு விலகிவிடலாம் என்று நினைத்தார். அதற்கான பொத்தான்வரை போய்விட்டார். மறுபடியும் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போவதா என்று தோன்றியது. போனை அணைத்துவிட்டுப் படுத்தார்.

புதன்கிழமை மதியம். வரிசையில் முன்னால் ஆறு லோரிகள். அன்று காலை மிசாகி அறிவித்திருந்தாள். அடுத்த ஒரு வருஷம் ஆடப்போவதில்லை, அதற்குப் பிறகு எப்படி என்று இப்போது சொல்ல முடியாது என்று. குழுவில் அஃபிஃபாவும் ஷர்வினும் வழக்கம்போல் முட்டிக்கொண்டிருந்தார்கள். வரமாட்டாள், ஒரு தடவை மனசு விட்டுப்போனால் போனதுதான் என்றான் அவன். வருவாள் என்றாள் இவள்.

அப்போது அன்பரசியின் பெயர் திரையில் வந்தது. வாய்ஸ் நோட். பதினைந்து நொடி.

ரவீந்திரன் காதில் வைத்துக்கொண்டார்.

"வேல கொஞ்சம் பிஸி, அதான் வரல. மகேந்திரன் அங்கிள், நீங்க என்ன நெனக்கிறீங்க? அவ திரும்பி வருவாளா?"

மகேந்திரன் அங்கிள். அவர் இன்னொரு தடவை கேட்டார். குரலில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. எப்போதும் அங்கிளைக் கூப்பிடும் அதே குரல். தெரிந்தேதான் கூப்பிடுகிறாள்.

அவருடைய கட்டைவிரல் மைக் படத்தின்மேல் போய் நின்றது. இரண்டு வருஷமாகத் தொடாத பொத்தான். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஒரே ஒரு வாக்கியம், பாலத்தில் ஒத்திகை பார்த்த அதே வாக்கியம், இப்போதாவது சொல்லிவிடலாம். விரலை அழுத்தினார். தொண்டையைச் செருமினார்.

அதற்குள் அவளிடமிருந்து இன்னொரு வரி வந்தது. இது எழுத்தில்.

"மைக் ரிப்பேர்னு தெரியும் அங்கிள். டைப் பண்ணுங்க போதும்."

விரலை எடுத்துவிட்டார்.

அவருக்குப் புரிந்தது. அங்கிளை அவள் திருப்பி எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு இன்னும் இடம் இல்லை. எப்போது இருக்கும், இருக்குமா என்பதும் தெரியாது. உள்ளே வரலாம், ஆனால் அந்தப் பெயரோடுதான் வர வேண்டும். அழுகை வந்தது. லோரிக்குள் பார்க்க யாரும் இல்லாததால் அழுதார். பிறகு சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார்.

"தெரியலம்மா. அது அவ இஷ்டம். வந்தா பாப்போம். வரலன்னாலும் பரவால்ல."

அஃபிஃபா இதயம் போட்டாள். ஷர்வின், "அங்கிள் எப்பவும் சேஃப்பாதான் வெளையாடுவாரு லா" என்று எழுதினான். கொஞ்ச நேரம் கழித்து அன்பரசியிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. எல்லாருக்கும் போடுகிற அதே கட்டைவிரல்தான்.

வரிசை அசைந்தது. ரவீந்திரன் வண்டியைக் கிளப்பி ஒரு லோரி நீளம் முன்னால் நகர்த்தி நிறுத்தினார். பின்னாலிருந்து சோமு இறங்கி வந்து, மகேந்திரன் என்று பெயர் ஒட்டிய கதவில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தான். அண்ணனின் கண் சிவந்திருப்பதும் கையில் போன் இருப்பதும் அவனுக்குத் தெரிந்தது.

"யாருண்ணே போன்ல? மகளா?"

"இல்லடா" என்றார் ரவீந்திரன். "தெரிஞ்ச புள்ள ஒன்னு."